மறுமொழி கூறும் பொருள்கள்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

    

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே நம் மரபு. சிலம்பும் கம்பனும் ஒலித்த அவையில் இரசாயனம் பேசப் புகுவது ஒரு துணிவுதான். எனினும், இவ்வாண்டு விஞ்ஞானப் பொருள் ஒன்று வேண்டும் என விழாக்குழுவினர் விரும்பினர், நாமும் இசைந்தோம். தமிழில் சொல்ல இயலாத விஞ்ஞானம் ஒன்று உண்டு என்பதை நாம் ஒப்புவதில்லை. ஆதலின் எடுத்துக்கொண்ட பொருள் கடினமாயினும் சொல்லும் முறை எளிதாக அமைய முயல்வோம்.

ஒளியோ வெப்பமோ ஈரமோ புளிப்போ வந்து தீண்டினால், அதற்கேற்பத் தம் நிறத்தையோ வடிவத்தையோ மாற்றிக்கொள்ளும் பொருள்கள் சில உள. அத்தகைய பொருள்களை மூலக்கூறு மூலக்கூறாக அடுக்கிக் கட்டும் கலையை மனிதன் இந்த நூற்றாண்டில் கற்றுக்கொண்டிருக்கிறான். இவற்றை ஆங்கிலத்தில் 'ஸ்மார்ட் மெட்டீரியல்' என்கிறார்கள். 'அறிவார்ந்த பொருள்' என்று தமிழில் எழுதுவோரும் உளர். இச்சொல் நமக்கு நிறைவளிக்கவில்லை. தொல்காப்பியர் உயிர்களை அறிவின் அளவால் வகுத்தபோது புல்லுக்கும் மரத்துக்கும் ஓரறிவு தந்தார். கல்லுக்கு ஒன்றும் தரவில்லை. நாம் பேசப்போகும் பொருள்கள் கல்லின் இனத்தைச் சேர்ந்தவை. அவற்றுக்கு அறிவு இல்லை. தூண்டினால் மறுமொழி கூறும் ஆற்றல் மட்டுமே உண்டு. ஆதலின் 'மறுமொழிப் பொருள்கள்' என்றே இங்கு வழங்குவோம்.

வீட்டிலிருந்தே தொடங்கலாம். மணமக்கள் வாயிலில் வந்து நிற்கையில் தாய்மார்கள் ஆரத்தி கரைக்கிறார்கள். மஞ்சள் நீரில் சிறிது சுண்ணாம்பு இட்டதும் நீர் செக்கச் சிவந்துவிடுகிறது. மஞ்சளிலுள்ள குர்குமின் என்னும் நிறப்பொருள், சுண்ணாம்பின் காரத்தைக் கண்டதும் தன்னிடமுள்ள புரோட்டானை இழக்கிறது; உடனே அம்மூலக்கூற்றினுள் எலெக்ட்ரான்களின் பரவல் மாறுகிறது; அது மாறவே, அது விழுங்கும் ஒளியும் மாறுகிறது. சிவந்த அந்நீரில் எலுமிச்சஞ் சாற்றைப் பிழிந்தால் மீண்டும் மஞ்சள் நிறம் வரும். பள்ளிப் பிள்ளைகள் இதனை இன்றே செய்து பார்க்கலாம். ஆரத்தித் தட்டில் செய்யாமல் தனிக் கிண்ணத்தில் செய்க. இல்லையேல் பாட்டிமார் சினத்துக்கு நாம் பொறுப்பல்லோம்.

அடுத்துத் தொட்டாற்சுருங்கி. விரல் பட்டதும் இலைக்காம்பின் அடியிலுள்ள சிறு முண்டுகளில் ஒரு பக்கத்து அணுவறைகளிலிருந்து நீர் வெளியேறுகிறது, இலை மடங்குகிறது. யாரும் எதுவும் செய்யாமலே சிறிது நேரத்தில் தானே விரிந்துகொள்கிறது.

மூன்றாவது எடுத்துக்காட்டு நம் மைசூரின் சொத்து. 1937-ஆம் ஆண்டு, நால்வடி கிருஷ்ணராஜ உடையார் ஆட்சியில், காட்டில் கிடைக்கும் அரக்கைப் பயன்படுத்தும் பொருட்டு இவ்வூரில் ஒரு தொழிற்சாலை தோன்றியது. நாடு விடுதலை அடைந்த பின் அது அரசின் உடைமை ஆயிற்று. இன்று மைசூர் பெயின்ட்ஸ் அண்ட் வார்னிஷ் என்று பெயர் பெற்றுள்ள அந்நிறுவனமே 1962-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தல் முதல் நாடு முழுமைக்கும் வாக்காளர் விரலில் இடும் மையைச் செய்து வருகிறது. மையின் செய்முறையை வகுத்தளித்தது தில்லியிலுள்ள தேசியப் பௌதிக ஆய்வுக்கூடம். அம்மையில் உள்ள வெள்ளி நைட்ரேட்டு தோலிலுள்ள உப்போடு சேர்ந்து வெள்ளிக் குளோரைடாகிறது. ஒளி பட்டதும் அது நுண்ணிய வெள்ளித் துகள்களாகப் பிரிந்து கருக்கிறது. சோப்பும் எண்ணெயும் அதனை அசைப்பதில்லை. நகம் வளர்ந்து, வெட்டுண்டு, அக்கறை தானே விலகும் நாள்வரை அது நிற்கும். ஒருவர்க்கு ஒரு வாக்கு என்னும் கோட்பாட்டை இத்துணை மலிவாகக் காக்கும் காவலன் வேறு இல்லை.

இம்மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஆரத்தி நீரின் மறுமொழியை நாம் விரும்பினால் திருப்பலாம். தொட்டாற்சுருங்கியின் மறுமொழி தானே திரும்பும். தேர்தல் மையின் மறுமொழியோ திரும்பவே கூடாது. திரும்பினால் அது மையன்று, மோசடி. ஆக, மறுமொழி கூறும் பொருளைச் செய்ய முற்படும் இரசாயனி முதலில் முடிவு செய்ய வேண்டியது ஒன்று உண்டு: இதில் எது மாறலாம், எது மாறக்கூடாது என்பதே அது. இவ்விரண்டையும் ஒரே பொருளுக்குள் வைத்துக் கட்டுவதில்தான் இத்துறையின் சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கிறது. இன்றைய பேச்சும் அதனைச் சுற்றியே வரும்.

இத்துறையில் முதற் கேள்வியை எழுப்பியவர்களுள் நம் நாட்டவர் ஒருவர் உண்டு. ஜகதீச சந்திர போஸ் 1902-ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். உயிருள்ளவற்றிலும் உயிரில்லாதவற்றிலும் தோன்றும் மறுமொழி என்பது அதன் தலைப்பின் பொருள். தசை, செடி, வெள்ளீயக் கம்பி ஆகியவற்றை அவர் ஒரே முறையில் தூண்டி, அவை காட்டும் மின் மாற்றங்களைக் கோடுகளாக வரைந்து ஒப்பிட்டார். ஓயாமல் தூண்டினால் கம்பியும் களைப்படைகிறது என்றும், ஓய்வு கொடுத்தால் தேறுகிறது என்றும், சில நஞ்சுகள் பட்டால் அதன் மறுமொழி அடங்கிவிடுகிறது என்றும் எழுதினார். அன்று சிலர் அவரைப் போற்றினர், சிலர் ஐயுற்றனர். உலோகத்துக்கு உயிர் உண்டு என்ற அளவுக்கு அவர் கருத்தை இழுத்தவர்களோடு நாம் உடன்படுவதற்கில்லை. ஆனால் அவர் வைத்த அளவுகோல் இன்றும் பயன்படுகிறது. மறுமொழிப் பொருள் எதுவாயினும், எத்தனை முறை தூண்டினால் அது களைக்கும் என்பதே இன்றும் முதலில் கேட்கப்படும் கேள்வி.

நிற்க. இனிக் கட்டடத்துக்கு வருவோம்.

அணுக்கள் ஒன்றோடொன்று இணையும் வழிகளுள் உறுதியானது, இரு அணுக்கள் எலெக்ட்ரான் இணையொன்றைத் தமக்குள் பங்கிட்டுக் கொள்வது. 1916-ஆம் ஆண்டு அமெரிக்க இரசாயனி லூயிஸ் இதனை விளக்கினார். இதற்குச் சகப்பிணைப்பு என்று பெயர். கரி, நீரகம், நைட்ரஜன், ஆக்சிஜன் முதலிய எளிய அணுக்களைக் கொண்ட கரிம மூலக்கூறுகளைச் சகப்பிணைப்பினாலேயே கோத்து, துளைகள் வரிசை வரிசையாக அமைந்த வலையாக நெய்தால் கிடைப்பது சகப்பிணைப்புக் கரிமச் சட்டகம். பெயர் நீளமானது, இனி சட்டகம் என்றே சுருக்கிக் கொள்வோம்.

சகப்பிணைப்பால் வலை நெய்வது புதிதன்று. 1907-இல் பேக்லாந்து கண்ட பேக்கலைட் அத்தகையதே. பழைய வீடுகளின் கரிய மின் சுவிச்சுகள் அதனால் ஆனவை. ஆனால் அந்த வலை சிக்குண்ட நூற்கண்டு போன்றது, ஒழுங்கில்லை. ஏன்? உறுதியான பிணைப்பு ஒருமுறை விழுந்துவிட்டால் விழுந்ததுதான். இடம் தவறி விழுந்தாலும் எடுத்துத் திருத்த வழியில்லை.

கொத்தனார் சுவர் எழுப்புவதைப் பார்த்திருப்பீர்கள். கல்லை வைக்கிறார், தூக்குக்குண்டு பிடிக்கிறார், கோணலாக இருந்தால் கரணையின் பிடியால் தட்டி நேராக்குகிறார். கலவை ஈரமாக இருப்பதால்தான் அவரால் திருத்த முடிகிறது. கல்லை வைத்த கணமே கலவை இறுகிவிடுமாயின் உலகில் ஒரு நேரான சுவர் இருக்காது. ஈரமாகவே என்றும் இருந்துவிடுமாயின் சுவரே நிற்காது. முதலில் இளகியிருந்து, ஒழுங்கான பின் இறுக வேண்டும். சட்டகம் கட்டுவோர் தேடியதும் இத்தகைய கலவையைத்தான்.

முதற் படியை எடுத்தவர் ஓமர் யாகி. இவர் வரலாற்றைச் சற்றே சொல்ல வேண்டும். குடிபெயர்ந்தோர் கூடிய அவையாதலின் இது நமக்கு நெருக்கமானது. 1965-இல் யோர்தான் நாட்டின் அம்மான் நகரில், பாலஸ்தீனத்திலிருந்து அகதிகளாக வந்த பெற்றோர்க்குப் பிறந்தவர். மின்சாரமும் குழாய் நீரும் இல்லாத இல்லம். பத்து வயதில் பள்ளி நூலகத்தில் எதேச்சையாக ஒரு நூலைப் பிரித்தபோது, பந்துகளையும் குச்சிகளையும் கோத்தது போன்ற மூலக்கூற்றுப் படங்களைக் கண்டு மயங்கினாராம். பதினைந்து வயதில் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். அவரும் அவருடைய குழுவினரும் 2005-ஆம் ஆண்டு மிச்சிகன் பல்கலைக்கழகத்திலிருந்து முதல் இரண்டு சட்டகங்களை அறிவித்தனர். அவற்றுக்குக் காஃப்-1, காஃப்-5 என எண் பெயர்கள் இட்டனர். போரான் அணுவைத் தாங்கிய மூலக்கூறுகள் நீரை வெளியேற்றி ஒன்றோடொன்று இணைந்து, தேன்கூடு போன்ற அறுகோணத் துளைகளை உண்டாக்கின. காஃப்-5-இல் ஏறத்தாழ 3 இலட்சம் துளைகளை வரிசையாக வைத்தாலும் நீளம் ஒரு மில்லிமீட்டர்தான்.

இத்துளைகளின் உட்சுவர்ப் பரப்பையெல்லாம் விரித்தால் எவ்வளவு இருக்கும்? ஒரு கிராம் காஃப்-5-க்கு 1590 சதுர மீட்டர் என்று அளந்தார்கள். மைசூரில் மனை வாங்க அலைந்தவர்க்கு வேறு கணக்கில் சொல்வோம்: முப்பதுக்கு நாற்பது அடி மனைகள் பதினான்கு! அத்தனையும் ஒரு கிராமுக்குள். பத்திரப்பதிவுதான் செய்ய இயலாது.

ஆனால் அந்த முதற் சட்டகங்களுக்கு ஒரு குறை இருந்தது. நீரை வெளியேற்றி உண்டான பிணைப்பு, நீரைக் கண்டால் மீண்டும் அவிழ்ந்துவிடும். கலவை இளகியே இருந்தது, இறுகவில்லை. நம்மூர் ஆடி மாதத்து ஈரக் காற்று போதும், அவற்றைக் குலைக்க. ஈரத்தை உணர்ந்து மறுமொழி கூறவேண்டிய பொருள் ஈரத்தால் இறந்துபோனால் என்ன பயன்?

இக்குறைக்கு விடை நம் நாட்டில் கிடைத்தது. புணேயிலுள்ள தேசிய இரசாயன ஆய்வுக்கூடத்தில் ராகுல் பானர்ஜியும் அவர் மாணவர்களும், ஜெர்மானியக் கூட்டாளிகளோடு, 2012-ஆம் ஆண்டு ஒரு முறையை வெளியிட்டனர். அல்டிஹைடு வகை மூலக்கூறு ஒன்றையும் அமீன் வகை மூலக்கூறு ஒன்றையும் அவர்கள் இணைத்தனர். இவ்விரண்டும் சேரும்போது கரிக்கும் நைட்ரஜனுக்கும் இடையே உண்டாகும் பிணைப்பு அவிழ்ந்தும் முடிந்தும் தன்னைத் திருத்திக்கொள்ள வல்லது. ஆகவே வலை ஒழுங்காக நெய்யப்படுகிறது. இது ஈரக் கலவை. இனிதான் நுட்பம். அல்டிஹைடின் பக்கத்திலேயே ஓர் ஆக்சிஜன் அணு, நீரக அணு ஒன்றைத் தாங்கி நிற்குமாறு அவர்கள் முன்னரே அமைத்திருந்தனர். வலை நெய்யப்பட்டதும் அந்நீரக அணு ஆக்சிஜனை விட்டு அருகிலுள்ள நைட்ரஜனிடம் குடியேறுகிறது. குடியேறிய பின் திரும்பிச் செல்வதில்லை. (இச்சங்கத்தில் இதற்கு மேலும் விளக்கம் தேவையில்லை என எண்ணுகிறோம்.) அணுக்கள் இருந்த இடம் பெரிதும் மாறாததால் வலையின் ஒழுங்கு கெடுவதில்லை, பிணைப்பு மட்டும் இறுகிவிடுகிறது. அவ்வாறு செய்த சட்டகங்கள் கொதிநீரைத் தாங்கின; ஒன்பது நார்மல் செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் தாங்கின; இரண்டில் ஒன்று அதே செறிவுள்ள காரத்தையும் தாங்கியது.

நம் கருத்தில், மறுமொழிச் சட்டகங்களின் உண்மையான தொடக்கம் இதுவே. சுவர் உறுதியான பிறகுதான் கதவு மாட்ட முடியும்.

அடுத்த ஆண்டே, 2013-இல், அதே குழு இன்னொன்று செய்து காட்டியது. கரைப்பானும் அடைத்த குழாயும் நாட்கணக்கான சூடும் இல்லாமல், இரு பொருள்களையும் கல்வத்தில் இட்டுக் கையால் அரைத்தே சட்டகத்தை உண்டாக்கினர். அரைக்க அரைக்க மஞ்சள் நிறம் ஆரஞ்சாகி, பின் கருஞ்சிவப்பாகியது. செந்தூரம் அரைத்த சித்த மருத்துவர் பார்த்திருந்தால் வியந்திருக்க மாட்டார். 2017-இல் மற்றொரு முறை: செங்கல் அறுப்பவர் களிமண்ணைப் பிசைவதுபோல் மூலப்பொருள்களை ஓர் அமிலத்தோடும் சிறிது நீரோடும் பிசைந்து, அச்சிலிட்டுச் சூடேற்றிச் சட்டகம் ஆக்கினர். சுடுமண் முறை என்றே அதற்குப் பெயரிட்டனர். கிராமுக்கு ஏறத்தாழ 3000 சதுர மீட்டர் வரை பரப்பு கிடைத்தது. நம் மனைக் கணக்கில் இருபத்தாறைத் தாண்டும். பின்னர்க் கொல்கத்தாவின் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்துக்குச் சென்ற பானர்ஜிக்கு 2018-இல் பட்நாகர் பரிசு கிடைத்தது.

இனிக் கதவுகளைப் பார்ப்போம்.

சட்டகம் என்பது எலெக்ட்ரானை ஈயும் பலகையும் ஏற்கும் பலகையும் மாறி மாறி அமைந்த கட்டடம் எனக் கொள்க. அது எந்த ஒளியை விழுங்கும் என்பது இவ்விரு பலகைகளுக்கும் இடையிலுள்ள ஆற்றல் வேறுபாட்டைப் பொறுத்தது. துளைக்குள் நீர் மூலக்கூறு ஒன்று நுழைந்தால், அதன் மின் சாயல் அவ்வேறுபாட்டைச் சிறிது மாற்றிவிடும்; நிறம் மாறும். நீர் வெளியேறினால் பழைய நிறம். 2018-இல் மியூனிக் பல்கலைக்கழகத்தார் இத்தகைய சட்டகத்தை மெல்லிய படலமாகக் கண்ணாடியில் நிறுத்தினர். துளைகள் மேல்நோக்கித் திறந்திருந்தமையால் ஈரம் தடையின்றி உட்புகுந்தது. ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்தில் நிறம் மாறியது. கடையில் கிடைக்கும் ஈரமானிகளைவிடப் பத்து மடங்குக்கும் மேலான வேகம் இது. போஸ் கேட்ட கேள்வியையும் கேட்டார்கள்: 4000 முறை ஈரமும் வறட்சியும் மாறி மாறிக் கொடுத்தும் படலம் களைக்கவில்லை.

ஒளியால் திறக்கும் கதவும் உண்டு. டாங்லின் ஜியாங் குழுவினர் 2015-இல் அந்திரசீன் என்னும் மூலக்கூற்றைத் தாங்கிய சட்டகம் ஒன்றைச் செய்தனர். புற ஊதா ஒளி பட்டதும் மேலடுக்கு அந்திரசீனும் கீழடுக்கு அந்திரசீனும் கைகோத்துக் கொள்கின்றன. துளையின் உருவும் ஒளிர்வும் மாறுகின்றன. சூடேற்றினால் கைகள் விடுபடுகின்றன. தேர்தல் மையும் ஒளிக்கு மறுமொழி கூறுகிறது, இதுவும் கூறுகிறது. அது திரும்பாது, இது திரும்பும். இரண்டும் சரியே. அதனதன் வேலை அது.

புளிப்புக்கும் காரத்துக்கும் மறுமொழி கூறுவன பல. அமில ஆவி பட்டால் சட்டகத்திலுள்ள நைட்ரஜன் ஒரு புரோட்டானைப் பெற்று நிறம் ஆழ்கிறது. அம்மோனியா பட்டால் அதனைக் கொடுத்துவிட்டு முன்னிலை அடைகிறது. ஆரத்தித் தட்டில் நடப்பதன் உடன்பிறப்பு இது. மீனும் இறைச்சியும் கெடும்போது அம்மோனியா இனத்து ஆவிகள் எழுகின்றன என்பதை நாம் மூக்கால் அறிவோம். மூக்கு அறியுமுன்னே உணவுறையில் ஒட்டிய ஒரு சிறு வில்லை நிறம் மாறி எச்சரிக்குமாயின் எத்துணை நன்று! 1950-இல் செலுவாம்பா மாளிகையில் தொடங்கிய மைய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையமும், 1961-இல் தோன்றிய பாதுகாப்புத் துறை உணவு ஆராய்ச்சிக்கூடமும் மைசூரை உணவுக் காப்பின் தலைநகராக்கின. நம் காலனிக் குடும்பங்களில் அவற்றின் ஆய்வு முறைகளைச் செவிவழியாகவேனும் அறியாதார் குறைவு. ஆதலின் இந்த வில்லையின் பயனை இவ்வவைக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஆனால் இங்கேதான் ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். மியூனிக் படலம் நீராவிக்கு மட்டுமன்று, வேறு சில கரைப்பான்களின் ஆவிக்கும் நிறம் மாறுகிறது. தட்டியது யார் என்று பாராமல் கதவு திறப்பதைப் போன்றது இது. ஆய்வுக்கூடத்தில் ஆவி ஒன்றே ஒன்று இருக்கும். நம் சமையலறையில் காயமும் கடுகும் புளியும் காப்பியும் ஒருங்கே மணக்கும். குழந்தைக்குக் கொடுக்கும் பாலுறையில் ஒட்டிய வில்லை, கெட்ட பாலை நல்லது என்று காட்டிவிட்டால்? வேகமும் களைப்பின்மையும் வென்றாயிற்று. ஆளறிந்து மறுமொழி கூறுவதே இனி வெல்ல வேண்டியது. பத்திரிகைகளில் நாம் வாசிக்கும் புகழுரைகளில் இக்குறை பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

மருந்துச் செய்தியிலும் இதே நிதானம் வேண்டும். 2017-இல் பானர்ஜி குழுவினர் சட்டகத்தை மெல்லிய ஏடுகளாகப் பிரித்து, ஃபோலிக் அமிலத்தை அவற்றின் மேல் கோத்து, புற்றுநோய்க்கு வழங்கும் ஃபுளோரோயுராசில் மருந்தை ஏற்றி, புற்றணுக்களை நாடிச் சென்று சேருமாறு செய்தனர். அரிய முயற்சி. ஆயினும் அது ஆய்வுத் தட்டில் வளர்த்த அணுக்களின் மேல் நடந்தது. வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு இத்தகைய செய்தியைக் காண்போர், மருத்துவர் தரும் மருந்தை நிறுத்திவிட்டு இதற்காகக் காத்திருத்தல் ஆகாது.

வெப்பத்துக்கு மறுமொழி கூறும் சட்டகங்களே நடைமுறைக்கு மிக அருகில் வந்துள்ளன என்பது நம் மதிப்பீடு. 2024-இல் கலிபோர்னியாவின் பெர்க்கிலியில் யாகி குழுவினர் காஃப்-999 என்பதை அறிவித்தனர். அதன் எலும்புக்கூடு கரியும் கரியும் இரட்டையாகப் பிணைந்தது, மிக உறுதியானது. துளைகளுக்குள் அமீன் சங்கிலிகள் தொங்குகின்றன. வெளிக்காற்றை உட்செலுத்தினால் அச்சங்கிலிகள் கரியமில வாயுவை மட்டும் பற்றிக்கொள்கின்றன. 60 பாகை வெப்பத்தில் விட்டுவிடுகின்றன. எலும்பு மாறவில்லை, கை மட்டும் மூடித் திறக்கிறது. 100 முறை செய்தும் திறன் குறையவில்லை. 200 கிராம் தூள் ஓராண்டில் 20 கிலோ கரியமில வாயுவை ஈர்க்கவல்லது என்றும், ஒரு மரம் ஈர்ப்பது ஏறத்தாழ அவ்வளவே என்றும் கணக்கிட்டனர். மரம் நிழலும் தரும் என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை. அது அவர்கள் குறையன்று.

காற்றின் ஈரத்தை இரவில் உறிஞ்சி, வெயிலில் நீராகத் திருப்பித் தரும் சட்டகங்களையும் அதே குழு செய்து வருகிறது. 2020-இல் வெளிவந்த காஃப்-432 அவ்வகையது. குழாய் நீர் இல்லாத வீட்டில் வளர்ந்தவர் இதனை எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை. காவிரியின் கரையில் வாழ்ந்துகொண்டு, காவிரியின் மறு கோடியில் உறவினரை வைத்திருக்கும் நமக்கு, நீர் என்ற சொல் எத்துணை மென்மையாகக் கையாளப்பட வேண்டியது என்பது தெரியும். காற்றிலிருந்து எடுக்கும் நீர் ஆற்று நீருக்கு ஈடாகாது. ஒரு குடும்பத்தின் குடிநீர்க் குடத்தை நிரப்பினாலே பெரிது.

2025-ஆம் ஆண்டின் இரசாயன நோபெல் பரிசு யாகிக்கும், ஜப்பானின் சுசுமு கிடாகவாவுக்கும், ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய ரிச்சர்டு ராப்சனுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. சிலர் அது நாம் பேசும் சட்டகங்களுக்கே தரப்பட்டது எனக் கருதுகின்றனர். அன்று, அது உலோக அணுக்களைக் கணுவாகக் கொண்ட சட்டகங்களுக்குத் தரப்பட்டது. அவை இவற்றுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் முறை. மூச்சு விடுவதுபோல் விரிந்து சுருங்கும் நெகிழ்ந்த சட்டகங்களை எதிர்நோக்கியவர் கிடாகவா. ராப்சனின் கதை ஆசிரியர்கள் கேட்க வேண்டியது. 1974-இல் மாணவர்க்கு மூலக்கூற்று அமைப்பை விளக்க மரப்பந்துகளில் துளையிட்டுக் குச்சிகள் செருகும் வேலை அவர்க்கு வந்தது. எந்தப் பந்தில் எந்தக் கோணத்தில் துளையிட வேண்டும் என்று குறிக்கையில், துளை இருக்கும் இடமே கட்டடத்தின் உருவை முடிவு செய்துவிடுகிறது என்பது அவர்க்குப் புலப்பட்டது. அக்கருத்தைச் செய்து காட்டி வெளியிட்டது 1989-இல்.

நம் காலனியில் பி.யு.சி. வகுப்பில் இரசாயனத்தை மதிப்பெண்ணுக்காக மட்டும் படித்துவிட்டுக் கணிப்பொறிக்கு ஓடும் பிள்ளைகள் பலர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. பெற்றோராகிய நாமே ஓடச் சொல்கிறோம். ஆயினும் ஒன்று தெரிந்திருக்கட்டும். துளைப்பொருள்களைப் பற்றிய ஆராய்ச்சி புணேயிலும் கொல்கத்தாவிலும் மட்டுமன்று, நம்மூர் இரயில் ஏறினால் சில மணி நேரத்தில் சென்றடையும் பெங்களூரில், ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆராய்ச்சி மையத்திலும் நடந்து வருகிறது. இத்துறை முடிந்துபோன துறையன்று. சட்டகங்கள் பெரும்பாலும் இன்னும் கிராம் அளவிலேயே பிறக்கின்றன. உருகாத தூளாதலின் விரும்பிய உருவில் வார்ப்பது கடினம். மூலப்பொருள்களின் விலையும் மிகுதி. தட்டியவரை அறியும் கதவு இன்னும் அமையவில்லை. வேலைக்குப் பஞ்சமில்லை.

ஐயம் உள்ளவர்கள் உணவு வேளையில் நம்மை மடக்கிக் கேட்கலாம். அடுத்து நம் பிள்ளைகளின் நாடகம் இருக்கிறது. முகப்பூச்சும் முடியும் தரித்து மேடைக்குப் பின்னே நிற்பவர்களை இனியும் காக்க வைத்தல் முறையன்று.